எவ்வளவு இருக்கிறது என்பது போதுமா? தண்ணீரில் கரைந்த தனிமங்களின் கதை

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறும் நம் குடும்பங்களில், சாமான்களைப் பிரிக்கும் முன்பே எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகுமா?" என்பதே அது. சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் நீர் வேதியியலின் முக்கியமான பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. நான் வேதியியல் பட்டதாரி அல்லன். சிவில் என்ஜினீயரிங்கில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் சேர்ந்து, கட்டிடங்களையும் குடியிருப்புகளின் குடிநீர் வசதியையும் கவனித்து ஓய்வு பெற்றவன். வேலை நிமித்தம் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன். வங்காளத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் அன்று. நம் குழந்தைகளின் உடல்நலம் இதில் இருக்கிறது.

பருப்பும் சுண்ணாம்பும்

பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது பெக்டின் என்னும் பசை. தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், இந்தப் பசையின் இழைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் பருப்பு குழையாமல் விரைத்து நிற்பதற்கு இதுவே காரணம். நம் பாட்டிமார் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவார்கள். அது கால்சியத்தைப் பிரித்துப் படியவைப்பதோடு பசையையும் இளக்குகிறது.

இப்போது இரண்டு கிணறுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் கால்சியத்தின் அளவு ஒன்றே. ஒரு கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து நீர் மென்மையாகிறது. மற்றதைக் கொதிக்கவைத்தாலும் உப்புத் தன்மை போவதில்லை. முதல் நீரில் கால்சியத்துக்குத் துணையாக இருப்பது பைகார்பனேட். சூட்டில் கரியமில வாயு வெளியேறியதும் அது சுண்ணாம்புக் கார்பனேட்டாகப் படிகிறது. இரண்டாவதில் துணை சல்பேட். அது அவ்வளவு சுலபத்தில் கால்சியத்தை விடாது.

நீராவி என்ஜின்கள் ஓடிய நாளில் ரயில்வேக்கு இது பெரிய தலைவலி. கொதிகலனுக்குள் படியும் காறை, சூட்டை உள்ளே விடாது. நிலக்கரி வீணாகும், குழாய்கள் கெடும். ஆகவே சுண்ணாம்பும் சோடாவும் சேர்த்து நீரை மென்மையாக்கும் நிலையங்களை முக்கியமான ஸ்டேஷன்களில் வைத்திருந்தார்கள். எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு சோடா என்று கணக்கிட, மொத்தக் கால்சியம் தெரிந்தால் போதாது. அது எந்தத் துணையோடு இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். 1995-இல் அகல ரயில் பாதையில் நீராவி என்ஜின்கள் நின்றுபோயின. ஆனால் பாடம் நிற்கிறது.

யார்டில் நிற்கும் வேகன்கள்

யார்டில் 60 வேகன்கள் நிற்கின்றன என்று மட்டும் சொன்னால் கன்ட்ரோல் அலுவலகத்துக்கு ஒரு பயனும் இல்லை. எத்தனை சரக்கேறியவை, எத்தனை காலி, எத்தனை ரிப்பேருக்கு நிற்பவை, எவை எந்த ரேக்கில் கோக்கப்பட்டவை என்றும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை 60 தான். ஆனால் நகரக்கூடியவை எத்தனை என்பதே கேள்வி.

தண்ணீரில் கரைந்த தனிமங்களும் அப்படித்தான். ஒரே இரும்பு, ஒரே செம்பு, ஒரே ஆர்செனிக் பல உருவங்களில் இருக்கிறது. தனி அயனியாக இருக்கலாம். வேறொரு பொருளோடு கைகோத்து இருக்கலாம். நேர் மின்னூட்டமோ எதிர் மின்னூட்டமோ பெற்றிருக்கலாம், மின்னூட்டமே இல்லாமலும் இருக்கலாம். நுண்ணிய மண் துகளின் மேல் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். அது நம் உடலுக்குள் புகுமா, வடிகட்டியில் நிற்குமா, அடியில் படியுமா, நெடுந்தூரம் ஓடுமா என்பதெல்லாம் அந்த உருவத்தைப் பொறுத்தவை. இயற்கை நீரில் ஒரு தனிமம் எந்தெந்த உருவில் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்தறிவது இன்று ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. வெர்னர் ஸ்டம், ஜேம்ஸ் மார்கன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட நீர் வேதியியல் நூல் இத்துறைக்கு அடித்தளம் இட்ட நூல்களில் ஒன்று.

உருவத்தை மாற்றுபவை முக்கியமாக மூன்று. முதலாவது நீரின் அமில, காரத் தன்மை, இதைத்தான் பி.எச். என்ற எண்ணால் குறிக்கிறோம். இரண்டாவது ஆக்சிஜன் இருக்கிறதா, இல்லையா என்பது. மூன்றாவது, தனிமத்தோடு கைகோக்கக்கூடிய பிற பொருள்கள்.

நண்டின் கொடுக்கு

மூன்றாவதை முதலில் பார்ப்போம். ஓர் உலோக அயனியைச் சுற்றிப் பிற மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டு ஒரே கூட்டாக நிற்பதை அணைவு என்று நம் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் சொல்கிறது. பிடித்துக்கொள்ளும் பொருளுக்கு ஈனி என்று பெயர். இந்த அமைப்பை விளக்கிய ஆல்ஃபிரட் வெர்னருக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் ஈனியே பல கைகளால் உலோகத்தைப் பற்றினால், நண்டு தன் கொடுக்கால் பிடிப்பதைப் போன்றது என்பதால் அதைக் கொடுக்கிணைப்பு என்கிறார்கள்.

இது ஆய்வகத்தில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அங்கே நடப்பது இதுதான். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. அதிலுள்ள டார்ட்ரேட் செம்பைப் பிடித்துக்கொள்கிறது. கழுவினால் செம்பு நீரோடு போய்விடுகிறது. ஈயம் பூசாத பித்தளையில் ரசம் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதும் இதனால்தான். பள்ளியில் பெஹ்லிங் கரைசல் தயாரிக்கும் நம் பிள்ளைகள், காரத்திலும் செம்பு படியாமல் நீலமாக நிற்பதற்கு அதே டார்ட்ரேட்தான் காரணம் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

சோப்பு, ஷாம்பு உறைகளில் ஈ.டி.டி.ஏ. என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆறு கைகள் கொண்ட ஈனி. உலோக அயனிகளைக் கட்டிவைத்துவிடும். நீரின் கடினத்தன்மையை அளக்கும்போதும் இதையே சொட்டுச் சொட்டாக விடுகிறோம். கால்சியமும் மக்னீசியமும் முழுவதும் கட்டுப்பட்டதும், திராட்சைச் சாறு போல் சிவந்திருந்த கரைசல் நீலமாக மாறும்.

குளத்து நீரிலும் ஆற்று நீரிலும் இயற்கையே இத்தகைய ஈனிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. இலை தழைகள் மக்கிக் கரையும்போது உண்டாகும் ஹ்யூமிக் அமிலங்கள் செம்பையும் இரும்பையும் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். செம்பு தனி அயனியாக இருந்தால் மீனின் செவுள்களில் ஒட்டி அதைக் கொல்லும். ஹ்யூமிக் அமிலத்தின் பிடியில் இருந்தால் அவ்வளவு தீங்கு செய்வதில்லை. கால்சியம் மிகுந்த நீரிலும் செவுளில் செம்புக்கு இடம் கிடைப்பது குறைகிறது. இதைக் கணக்கில் கொண்டே, அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-இல் நன்னீரில் செம்புக்கான அளவுகோலை மாற்றியது. எல்லா நீருக்கும் ஒரே எண் என்றில்லாமல், அந்தந்த நீரின் குணத்தைப் பார்த்துக் கணக்கிடச் சொன்னது.

சிவக்கும் தண்ணீர்

இங்கே புறநகர்களில் குழாய்க் கிணற்று நீரைப் பிடித்து வைத்தால் முதலில் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். சிறிது நேரத்தில் மஞ்சளாகும், மறுநாள் அடியில் செம்மண் போல் படியும். பூமிக்குள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு இரண்டு நேர் மின்னூட்டத்தோடு கரைந்திருக்கிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மூன்று மின்னூட்டம் பெறுகிறது. இந்த உருவம் சாதாரண நீரில் கரையாது, துருவாகப் படிந்துவிடும்.

இந்த மாற்றத்தின் வேகம் பி.எச். எண்ணைப் பொறுத்தது. நம் இயற்கை நீர்களின் எல்லைக்குள் அந்த எண் ஒன்று கூடினால் வேகம் ஏறக்குறைய 100 மடங்கு கூடும். ஒரு வீட்டு நீர் உடனே சிவப்பதும் அடுத்த பேட்டை நீர் வெகுநேரம் தெளிவாக நிற்பதும் இரும்பின் அளவால் மட்டும் அல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

இந்த நீரில் தேநீர் போட்டால் கறுத்துப்போகும். தேயிலையிலுள்ள டேனின், இரும்போடு அணைவு கொள்வதே காரணம். கொய்யா இலையைக் கசக்கிப் போட்டு இரும்பு இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் வங்க நாட்டில் உண்டு. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கடுக்காயில் டேனின் இருக்கிறது.

வங்க மண்ணின் ஆர்செனிக்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 1983-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து, மார்பில் கரும்புள்ளிகளோடு வந்த கிராமத்து நோயாளிகளைக் கண்டு, இது குழாய்க் கிணற்று நீரிலிருந்து வரும் ஆர்செனிக் நஞ்சு என்று அறிந்தார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று நீரைச் சோதித்தார். மால்டா, முர்ஷிதாபாத், நதியா, வடக்கு, தெற்கு 24 பர்கானாக்கள் எனப் பல மாவட்டங்களில் இந்தச் சிக்கல் இருப்பது தெரிந்தது. பிறகு பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கங்கைக் கரையோரமாகக் கண்டுபிடித்தார்கள்.

இந்த நஞ்சை யாரும் கொட்டவில்லை. ஆலைக் கழிவும் இல்லை. இமயத்திலிருந்து நதிகள் கொண்டுவந்த மணலின் மேல் துரு போல் இரும்புப் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சில் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. மண்ணோடு புதைந்த இலை தழைகளை நுண்ணுயிரிகள் தின்னும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பின் அவை மூச்சுக்கு இரும்புத் துருவையே பயன்படுத்துகின்றன. துரு கரைகிறது, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் நீரில் இறங்குகிறது. குளத்து நீரால் வரும் வயிற்று நோய்களிலிருந்து தப்பவே மக்கள் குழாய்க் கிணற்றுக்கு மாறினார்கள். அந்த நீரில் கிருமி குறைவு. ஆனால் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத வேறொன்று இருந்தது.

குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனமும் நம் இந்தியத் தர நிர்ணயமும் ஏற்கும் அளவு. அதாவது 100 லிட்டர் கொள்ளும் டிரம்மில் ஒரே ஒரு மில்லிகிராம். நஞ்சின் குறிகள் தோலில் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். நெடுங்காலம் குடித்தால் புற்றுநோயும் வரலாம்.

நீரில் இது இரண்டு உருவங்களில் இருக்கிறது. ஆக்சிஜன் உள்ள நீரில் ஆர்செனேட். ஆக்சிஜன் இல்லாத ஆழத்து நீரில் பெரும்பாலும் ஆர்செனைட். ஆர்செனேட்டுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. துருவோடும் அலுமினாவோடும் நன்றாக ஒட்டும். ஆர்செனைட்டுக்கோ, பி.எச். 9 வரையில் ஏறக்குறைய மின்னூட்டமே இல்லை. டிக்கெட் பரிசோதகர் கண்ணில் படாத பயணியைப் போல் பல தடைகளையும் தாண்டி வந்துவிடும். நஞ்சுத் தன்மையிலும் இதுவே கடுமையானது.

இதனால்தான் சரியான சுத்திகரிப்பு இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் குளோரின் போன்ற ஒன்றால் ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக மாற்ற வேண்டும். பிறகு இரும்போடு படியவைத்து வடிகட்ட வேண்டும். சிப்பூர் பொறியியல் கல்லூரியினர் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1997 முதல் கிராமத்துக் கிணறுகளில் அலுமினா வடிகட்டிகளை வைத்தார்கள். வங்கதேசத்துக்காக அபுல் ஹுசாம் வடிவமைத்த இரும்புக் கலவை வடிகட்டிக்கு 2007-இல் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் உருவாக்கிய முறையிலும் ஆர்செனிக்கைப் பிடிப்பது இரும்பின் ஆக்சிஹைட்ராக்சைடே. பெயர்கள் வேறானாலும் இவை எல்லாம் நம்பியிருப்பது ஒட்டும் குணம் ஒன்றையே.

சுகிந்தாவின் குரோமியம்

அப்படியானால் ஆக்சிஜனேற்றம் எப்போதும் நல்லது என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் குரோமியத் தாதுச் சுரங்கங்கள் இருக்கின்றன. குரோமியம் மூன்று மின்னூட்ட நிலையில் இருந்தால் சாதாரண நீரில் அநேகமாகக் கரையாது. ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆறாம் நிலைக்குப் போனால் மஞ்சள் நிறக் குரோமேட் ஆகிவிடும், எளிதில் கரைந்து தொலைதூரம் ஓடும், புற்றுநோய் தரும். சுரங்க நீரைச் சுத்தம் செய்ய அங்கே இரும்பு சல்பேட் சேர்க்கிறார்கள். நம் பழைய அன்னபேதிதான்! அது குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு இறக்கிப் படியவைத்துவிடும்.

ஆர்செனிக்கை ஏற்ற வேண்டும். குரோமியத்தை இறக்க வேண்டும். எந்தத் தனிமம், எந்த உருவம் என்று அறியாமல் மருந்து போட்டால் ஒன்றுக்கு நல்லது செய்யப்போய் மற்றதற்குக் கெடுதல் செய்தவர்கள் ஆவோம்.

பாட்டிலுக்குள் நடப்பது

நான் பணியில் இருந்தபோது ஒரு குடியிருப்பில் நடந்தது. குழாய்க் கிணற்று நீரை ஒப்பந்தக்காரரின் ஆள் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் கழித்துச் சோதனைக்குக் கொடுத்தார். ஆர்செனிக் வரம்புக்குள் இருப்பதாகச் சீட்டு வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பாட்டிலின் அடியில் சிவப்பாகப் படிந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். சோதனைக்குப் போனது மேலே தெளிந்த நீர் மட்டுமே. இரும்பு படியும்போது ஆர்செனிக்கில் ஒரு பகுதியையும் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். கிணற்றிலிருந்து குடிப்பவர்கள் தெளியவைத்தா குடிக்கிறார்கள்? பம்படியிலேயே புதிய நீரைப் பிடித்து, உடனே சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு மறுபடி அனுப்பினோம். அமிலத்தில் இரும்பு படியாது. இம்முறை ஆர்செனிக் வரம்பைத் தாண்டியிருந்தது. அன்றே பம்பின் கைப்பிடியைக் கழற்றி வைத்தோம். அந்தக் குடியிருப்பில் அப்போது பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகளே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

பாட்டிலில் அடைத்த பிறகும் நீர் சும்மா இருப்பதில்லை. உள்ளே உருவங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆர்செனைட் எவ்வளவு, ஆர்செனேட் எவ்வளவு என்று தனித்தனியே அறிய விரும்பும் ஆய்வாளர்கள், மேலே சொன்ன ஈ.டி.டி.ஏ.யைச் சேர்த்து இரும்பைக் கட்டிவைத்து, வெளிச்சம் படாமல் எடுத்துச் செல்வதும் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியவை

நகராட்சிக் குழாய் வராத புறநகர்களில் வீடு வாங்கிய நம் இளம் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டுகிறேன்.

1. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆர்செனிக் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். புற ஊதாக் கதிர் இயந்திரமும் இதற்குப் பயன்படாது.

2. நீர் சிவக்கவில்லை என்பதால் ஆர்செனிக் இல்லை என்றோ, சிவக்கிறது என்பதால் நிச்சயம் இருக்கிறது என்றோ எண்ணாதீர்கள். சோதனை ஒன்றே வழி.

3. சோதனைக்கு நீர் எடுக்கும்போது பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அதைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இரவு முழுவதும் தெளியவைத்தால் ஆர்செனிக்கில் ஒரு பகுதி இறங்கலாம். ஆனால் நீரில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் இருந்தால் துருவின் மேல் அவை இடம் பிடித்துக்கொள்ளும். ஆகவே இதை நம்பி இருக்க முடியாது.

5. ஆர்.ஓ. இயந்திரம் ஆர்செனேட்டை நன்றாக நிறுத்தும். ஆர்செனைட்டை அவ்வளவாக நிறுத்தாது. இயந்திரம் வைத்துவிட்டோம் என்று ஓய்ந்துவிடாமல், அதிலிருந்து வெளிவரும் நீரையும் ஒரு முறை சோதியுங்கள்.

6. சோறு வடிக்கவும் நல்ல நீரையே பயன்படுத்துங்கள். அரிசி நீரிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல நீரை அதிகமாக வைத்துக் கஞ்சி வடித்தால், அரிசியிலேயே இருந்ததில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். குக்கர் வந்தபின் நாம் கைவிட்ட பழைய வழக்கத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

7. குளிக்கவும் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் இந்த நீரைப் பயன்படுத்துவதால் பெரிய அபாயம் இல்லை. அபாயம் குடிப்பதிலும் சமைப்பதிலும்தான். எனவே வீட்டுக்கு வேண்டிய நீர் முழுவதையும் சுத்திகரிக்க வேண்டியதில்லை. ஆளுக்குச் சில லிட்டர் நல்ல நீர் கிடைத்தால் போதும்.

ஆய்வகச் சீட்டில் இருப்பது "எவ்வளவு" என்ற ஒரு எண். அந்த எண் எப்போது, எங்கே, எப்படிப் பிடித்த நீருக்கு உரியது என்றும், அந்தத் தனிமம் எந்த உருவில் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்கப் பழகிக்கொள்வோம். பள்ளியில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சீட்டை அவர்கள் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த அயனியும் அணைவும் தங்கள் வீட்டுக் குழாயிலேயே ஓடுகின்றன என்று தெரிந்தால், அவர்களுக்குப் பாடத்தில் ருசி பிறக்கும். வீட்டுக்கும் ஒரு காவல் கிடைக்கும்.